நீல மூடிக் குழாயும் ஒரு வாய் அசோகாவும்

அடியே நாகப்பட்டினத்துக்காரி,

இன்று காலை என் மேஜைமேல் ஒரு பொட்டலம் அசோகா அல்வா வந்து உட்கார்ந்திருக்கிறது. இங்கே திருவையாற்றுக் கடையில் வாங்கியது. வாழை இலையைப் பிரித்தால் நெய் விரலில் ஒட்டுகிறது, சூடு இன்னும் ஆறவில்லை. கொண்டுவந்தவள் என் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு மூன்று வாரமாக நடந்துகொண்டிருக்கும் ஒரு பெண். அவள் கணவர் கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர், அவருக்குக் கடுமையான காமாலை. நேற்று எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டை வாங்க இன்று வந்தாள், வாங்கிப் பார்த்தாள், எதிர்க்கடைக்கு ஓடித் திரும்பினாள்.

"எறங்கிடுச்சுங்க மேடம்! ஆயிரத்துச் சொச்சம் இருந்துச்சே, இப்ப எரநூறுக்குக் கீழ வந்துடுச்சு. நீங்கதான் மொதல்ல வாயில போடணும்."

நான் தொடவில்லை. "கொஞ்சம் பொறுங்கம்மா" என்றேன். அவர்களுடைய டாக்டருக்குப் போன் போட்டேன். இந்த முறை அவர் ஈரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. மட்டும்தான் எழுதியிருந்தார். இன்னும் இரண்டு சோதனை சேர்த்துப் பார்க்கலாமா என்று கேட்டேன், சரி என்றார். வெளியே பைக்கில் சாய்ந்துகொண்டிருந்த அவள் கணவரை உள்ளே கூப்பிட்டு, உறையும் நேரம் பார்க்கிற நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து, சுழலும் மெஷினில் போட்டிருக்கிறேன். அவர் கண் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. நல்ல சேதியோடு வந்தவள் வாயில் மண்ணைப் போட்டது போல் ஆயிற்று. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

முடிவு வரக் கொஞ்சம் நேரம் ஆகும். அதுவரை இந்த அசோகாவை எதிரில் வைத்துக்கொண்டு உன்னோடு பேசலாம் என்று ஒரு தாளை எடுத்தேன். என்னை இப்படி ஆக்கியவள் நீதானே.

தஞ்சாவூரில் நாம் ஆராய்ச்சி மாணவிகளாகச் சேர்ந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? ஒரே கைடு, ஒரே பெஞ்சு. அறையெல்லாம் எலிக்கூட்டு வாடை. நான் திருவையாற்றுப் பக்கத்து நெல் வயல் வீட்டுப் பெண். எலி என்றால் எங்களுக்கு வரப்பில் வளை தோண்டும் எதிரி, அவ்வளவுதான். ஈரலை எடைபோட வேண்டியிருக்கும் என்று கைடு சொன்னபோது என் முகம் போன போக்கைப் பார்த்து நீ சிரித்தாய்.

"ஈரலுக்கா பயப்படுற? எங்க வீட்டுல சுறா ஈரல உருக்கி எண்ணெய் எடுத்து படகுக்குப் பூசுவாங்க. நான் தவழ்ந்ததே அந்த நாத்தத்துல."

அன்றிலிருந்து எலியைப் பிடிப்பது உன் வேலை, எழுதுவது என் வேலை என்று ஆனது. எலிகளுக்கு அடையாளம் வைக்க மஞ்சள் சாயம் பூசுவோம். ஒன்றுக்குத் தலையில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலில். நீ எல்லோரையும் கல்யாண வீட்டுப் பேச்சில்தான் கூப்பிடுவாய். "வாங்க மாப்பிள்ளை, தலைக்கு மஞ்சள் வச்சாச்சு, இனி பந்திதான்" என்று சொல்லிக்கொண்டே மருந்தை வாயில் விடுவாய். அந்த மருந்து, காசநோய்க்கு மனிதர்கள் தின்னும் மாத்திரைதான். அதை எடைக்கு மீறிக் கொடுத்தால் எலியின் ஈரல் கெடும். ஒரு கூட்டத்துக்கு மாத்திரை மட்டும். இன்னொரு கூட்டத்துக்கு மாத்திரையோடு கீழாநெல்லிச் சாறும். எங்கள் வயல் வரப்பில் பறித்து என் அப்பா பஸ்ஸில் கொடுத்தனுப்பும் கீழாநெல்லி. அது ஈரலைக் காக்கிறதா இல்லையா என்று ரத்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் நம் பிழைப்பு.

என் கைக்கு மட்டும் ரத்தம் ஒழுங்காக வராது. பதற்றத்தில் ஊசியை வேகமாக இழுத்துவிடுவேன், ரத்த அணுக்கள் உடைந்து, மேலே தெளிந்து நிற்க வேண்டிய சீரம் சிவந்துவிடும். அதில் சோதனை செய்தால் எஸ்.ஜி.ஓ.டி. என்ற ஈரல் நொதி பொய்யாக ஏறி நிற்கும். நீ குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய்.

"ரோஸ் மில்க் போட்டு வச்சிருக்கியே, ஐஸ் எங்கடி? ஈரல் மேல பழி போடாத, உன் ஊசி மேல போடு."

கடுப்பாக இருக்கும். ஆனால் நீ சொன்னது சரி என்பதால் இன்னும் கடுப்பாக இருக்கும்.

துறையில் நடந்த அந்தக் கருத்தரங்கை மறந்திருக்க மாட்டாய். நான் ரொம்ப அழகாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, ஈரல் செல்லை வயலுக்கு ஒப்பிட்டேன். செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதிகள் வயலில் நிற்கும் தண்ணீர். வரப்பு உடைந்தால் தண்ணீர் வடிகாலில் ஓடும். ரத்தம்தான் வடிகால். வடிகாலில் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்தால் வரப்பு எவ்வளவு உடைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எல்லோரும் தலையாட்டினார்கள். கைடு கூடச் சிரித்தார். நீ கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்கினாய்.

"ஒரு சந்தேகம். வடிகால் காஞ்சு கெடந்தா என்ன அர்த்தம்?"

"வரப்பு நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றேன்.

"வயல்ல தண்ணியே இல்லன்னாலும் வடிகால் காஞ்சுதானே கெடக்கும்?"

அறையே சிரித்தது. வெளியே வந்து உன்னை உண்டு இல்லை என்று ஆக்கினேன். கடற்கரைக்காரிக்கு வயலைப் பற்றி என்ன தெரியும் என்று கத்தினேன். நீ நிதானமாகச் சொன்னாய்: "வயலப் பத்தித் தெரியாது. ஈரலப் பத்தித் தெரியும். செத்த ஈரல் கசியாதுடி. கசிய உள்ள சரக்கு இருக்கணும்ல."

அதற்குப் பிறகு, கீழாநெல்லி குடித்த எலிகளின் ரத்தத்தில் நொதி குறைந்து வந்தபோது நான் குதித்தேன். நீ குதிக்கவில்லை. கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் பார்த்தாயா, ரத்தம் உறையும் நேரம் பார்த்தாயா, ஈரலை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாயா என்று மூன்று கேள்வி கேட்டாய். ரத்தம் உறைவதற்கான சரக்கை ஈரல்தான் தயாரிக்கிறது, ஈரல் உயிரோடு வேலை செய்கிறதா என்பதை அதுதான் சொல்லும், கசிவு சொல்லாது என்பது உன் கட்சி. எல்லாம் பார்த்து, எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் என்னோடு டீக்கடைக்கு வந்தாய். நான் ஜாங்கிரி வாங்கினேன். நீ வழக்கம்போல் மிளகாய் பஜ்ஜி. இனிப்பு என்றாலே முகத்தைச் சுளிக்கும் ஜென்மம் நீ. உன் அண்ணன் கல்யாணத்தில்கூட லட்டை என் இலைக்குத் தள்ளிவிட்டாய்.

அடுத்த ஆடியில் உன் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. காசநோய்க் கட்டி என்றார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் மாத்திரை போட்டால் கரைந்துவிடும் என்றார்கள். மாத்திரைப் பட்டையைக் கொண்டுவந்து பெஞ்சில் போட்டாய்.

"பாத்துக்க. எலிக்கு என்னவோ எனக்கும் அதேதான். எனக்கும் தலையில மஞ்சள் பூசு."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். லட்சக்கணக்கானவர்கள் தின்று நன்றாகத்தான் இருக்கிறார்கள். எங்கோ சிலருக்குத்தான் அது ஈரலைத் தாக்கும். வாந்தி வந்தால், பசி போனால், சிறுநீர் கருமஞ்சளானால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடிவர வேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். உனக்குச் சொல்லவே வேண்டியதில்லை, நீ அதைத்தானே படித்துக்கொண்டிருந்தாய்.

அங்கேதான் உன்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம். பசி போனது. எலிக்கூட்டு வாடையில் யாருக்குத்தான் பசிக்கும் என்று நினைத்துக்கொண்டாய். குமட்டியது. எலிகளுக்கான மயக்க மருந்து நெடி என்று தள்ளிவிட்டாய். சிறுநீர் நிறம் மாறியது. அந்த மாத்திரை எல்லோருக்கும் அதை ஆரஞ்சாக்கும், அது புத்தகத்திலேயே இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாய். ஒன்றும் தெரியாத ஒருத்தி முதல் வாரமே பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாள். உனக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தெரிந்திருந்தது. தெரிந்ததெல்லாம் சேர்ந்து உன் கண்ணைக் கட்டிவிட்டது. இதையெல்லாம் நீ என்னிடம் சொன்னது கடைசியில்தான். ஊருக்குத்தான் உபதேசம் என்பது உன் விஷயத்தில் அப்படியே பலித்தது.

ஒரு மத்தியானம் நீ வாசல் வெளிச்சத்தில் திரும்பி நின்றாய். "கண்ணக் காட்டுடி" என்றேன். காட்டவில்லை. முகத்தைப் பிடித்துத் திருப்பினேன். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. உன்னை ஸ்டூலில் உட்காரவைத்து ரத்தம் எடுத்தேன். எலிகளின் குழாய்களுக்கு நடுவில் உன் குழாயும் சுழன்றது. மேலே தெளிந்து நின்ற சீரம் மஞ்சள் கரைத்த தண்ணீராக இருந்தது. நாற்பதைத் தாண்டக் கூடாத எண் ஆயிரத்தைத் தாண்டி நின்றது. நீ என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாய்.

"பரவாயில்லடி, கை சுத்தமாயிடுச்சு உனக்கு. ரோஸ் மில்க் இல்ல."

அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது, எண்ணுக்கு அல்ல.

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாத்திரைகளை நிறுத்தினார்கள். உன் அம்மா மீன் கூடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு நாகப்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். அப்பா இல்லாத வீடு, அண்ணன் கடலுக்குப் போயிருந்தார், கரைக்கு வர இரண்டு மூன்று நாளாகும். வந்தவுடன் உன் அம்மா கட்டிலருகிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"ஏம் பாப்பா, ஈரலக் காக்குற மருந்து வச்சிருக்கீங்கன்னு அவ சொல்லுவாளே. எலிக்குக் குடுக்குறீங்களாமே. எம் பொண்ணுக்கு அதக் குடுக்க மாட்டீங்களா?"

நான் என்ன சொல்வேன்? எலிக்கு அதை மாத்திரைக்கு முன்பிருந்தே கொடுத்துவருகிறோம் அம்மா, மழைக்கு முன்னால் விரிக்கிற குடை அது, நனைந்த பிறகு விரித்து என்ன பயன் என்று சொல்லவா? கட்டிலிலிருந்து நீதான் சொன்னாய். "அது முன்னாடியே குடிக்கணும்மா. இப்பக் குடிச்சா டாக்டர் திட்டுவாரு." ஏதோ காப்பி குடிக்கும் நேரத்தைப் பற்றிப் பேசுவது போல் சொன்னாய். உன் அம்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு எண் இறங்க ஆரம்பித்தது. முதலில் எழுநூறு, அப்புறம் நானூறு, அப்புறம் இருநூறுக்குக் கீழே. உன் அம்மாவுக்கு எஸ்.ஜி.பி.டி. என்ற நான்கு எழுத்தும் மனப்பாடம் ஆகியிருந்தது. தினம் காலையில் நர்ஸிடம் அந்த ஒரு வரியை மட்டும் கேட்டுக்கொள்வார். இருநூறுக்குக் கீழே என்று தெரிந்த காலையில் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினார். திரும்பியபோது கையில் வாழை இலைப் பொட்டலம். அசோகா. நெய் மணமும் வார்டின் பினாயில் மணமும் ஒன்றாகக் கலந்து வந்தன. இன்றைக்கும் எனக்கு அவை தனித்தனியாக வருவதில்லை.

அந்தத் தாளில் அடுத்த வரிகளும் இருந்தன. நானும் படித்தேன், நீயும் படித்தாய். பிலிருபின் ஏறியிருந்தது. ரத்தம் உறையும் நேரம் இழுத்துக்கொண்டே போயிருந்தது. வடிகால் காய்ந்துவிட்டது, வயலில் தண்ணீர் இல்லை. அதற்கு முந்தின மாலையே டாக்டர் நம்மிடம், உன் அண்ணனோடு பேச வேண்டும், சென்னைக்குக் கொண்டுபோய் ஈரல் மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அண்ணன் மறுநாள் கரைக்கு வருவதாகத் தகவல்.

உன் அம்மா என் முகத்தைப் பார்த்தார். "எறங்கிடுச்சுல்ல பாப்பா? நல்லதுதானே?"

நான் உன்னைப் பார்த்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"எறங்கிடுச்சும்மா. நல்லா எறங்கிடுச்சு. குடு அத."

வாயைத் திறந்து காட்டினாய். உன் அம்மா ஒரு விரல் அசோகாவை எடுத்து ஊட்டினார். நீ முகம் சுளிக்காமல், மென்று, விழுங்கி, "நல்லாருக்கும்மா" என்றாய். அவர் தண்ணீர் பிடிக்கப் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் வர்ற வரைக்கும் சொல்லாதடி. இன்னிக்கி ஒரு நாளு அது நிம்மதியாத் தூங்கட்டும்" என்றாய். உன் கையில் சூடே இல்லை.

அண்ணன் வந்தார். எல்லாம் கேட்டார், சரி என்றார், வண்டிக்கு ஏற்பாடு ஆனது. உன் மயக்கம் வண்டிக்கு முந்திக்கொண்டது. அதைப் பற்றி மேற்கொண்டு எழுதமாட்டேன், அங்கே நீ இல்லை, உன் உடம்புதான் இருந்தது.

நம் ஆராய்ச்சியை நான் முடித்தேன். எலிகளைப் பிடிக்க வேறொருத்தி வந்தாள், அவள் அவற்றோடு பேசவே மாட்டாள். ஆய்வேட்டை ஒப்படைத்த அன்று எனக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை, பொய் சொல்வானேன்.

அதன் பிறகு உன் அம்மாவைப் பார்க்க வந்தேன். அவர் மறுபடியும் கூடை தூக்க ஆரம்பித்திருந்தார். வீட்டு முற்றத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு மனதில் ஒரு பாரம். அன்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோமே, பாவம், அவர் நம்பி ஏமாந்தாரே என்று. பேச்சை எங்கோ தொடங்கி அந்த அசோகாவில் கொண்டுவந்து நிறுத்தினேன். உன் அம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அவ எந்தக் காலத்துல இனிப்பு தின்னா பாப்பா? பொறந்த நாளுக்குச் செஞ்ச பாயசத்தக்கூடத் தொட மாட்டா. அன்னிக்கி வாயத் தொறந்தாளே, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"பின்ன ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா அவ அழுவா. என்னய ஏமாத்திப்புட்டோம்னு அவ நிம்மதியா இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

நீ உன் அம்மாவைக் காத்தாய், அவர் உன்னைக் காத்தார். நடுவில் நான் ஒருத்தி உன் நடிப்புக்குத் துணைபோய், அவர் நடிப்பை நிஜம் என்று நம்பிக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்று பஸ்ஸில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எனக்குக் கல்யாணம் ஆகாததால் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார். நீ இருந்திருந்தால் இதை வைத்து ஒரு வருஷம் ஓட்டியிருப்பாய்.

இப்போது எனக்குச் சொந்தமாக இந்தச் சிறிய நிலையம். காவிரிப் பாலத்திலிருந்து நடந்து வரும் தூரம். சம்பா அறுப்புக்கு முன்னால் வயலுக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு வாந்தியோடு வருகிறவர்கள், குடித்தே ஈரலைக் கெடுத்தவர்கள், காசநோய் மாத்திரை தின்கிறவர்கள் எல்லோரும் வருகிறார்கள். மாத்திரை தின்கிறவர்களிடம் நான் பசியைப் பற்றிக் கேட்பேன், கண் இமையைத் தாழ்த்திப் பார்ப்பேன், சிறுநீர் ஆரஞ்சாகத்தான் இருக்கும் என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள் என்று அதட்டுவேன். கொஞ்சம் சிடுமூஞ்சி என்று எனக்கு இந்த ஊரில் பெயர். எண் எவ்வளவு இறங்கினாலும் "குறைஞ்சிருக்கு" என்ற வார்த்தை என் வாயிலிருந்து சுலபத்தில் வராது. பக்கத்து வரிகளையும் பார்த்துவிட்டுத்தான் வரும். பக்கத்து வரிகள் இல்லாத தாளாக இருந்தால் டாக்டருக்குப் போன் போடுவேன். அவர்களும் பழகிவிட்டார்கள், போனை எடுத்தவுடனே "நீல மூடியா?" என்று கேட்கிறார்கள்.

இரு. மெஷின் நின்றுவிட்டது.

வந்துவிட்டேன். முதலில் நேற்றைய சீரத்தில் பிலிருபினைப் பார்த்தேன். போன முறையைவிட நன்றாகக் குறைந்திருக்கிறது. பிறகு நீல மூடிக் குழாய். சோதனையைப் போட்டுவிட்டு நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெஞ்சின் நுனியிலிருந்து அந்தப் பெண் எழுந்து வந்து என் கதவருகில் நின்றுகொண்டாள். உறைந்தது. உறைய வேண்டிய நேரத்தில், ஒழுங்காக உறைந்தது. ஒரு முறை போதாது என்று இன்னொரு முறையும் பார்த்தேன். அதுவும் அப்படியே. அவருடைய ஈரல் வேலை செய்கிறது.

"என்னங்க மேடம்?" என்றாள்.

"கொறஞ்சிருக்கும்மா" என்றேன். "நெஜமாவே கொறஞ்சிருக்கு. கண்ணுல இருக்குற மஞ்சளும் மெல்ல மெல்லப் போயிடும். டாக்டர்கிட்ட தாளக் காட்டுங்க."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு அழுகைக்கு நடுவிலேயே கோபமாக, "அப்ப இப்பவாவது சாப்பிடுங்களேன் மேடம், எவ்ளோ நேரமா அத அப்படியே வச்சிருக்கீங்க" என்றாள்.

சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது, ஆனாலும் நன்றாக இருந்தது. அவள் இலையில் மீதி வைக்க விடவில்லை. அதனால் உன் பங்கையும் நானே தின்றேன். நீதான் இனிப்பு தின்ன மாட்டாயே.